சத்தமிடும் கதவு

வெள்ளாற்றின் தென்கரையிலுள்ள லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டார் வெளிநாடு புறப்படுகிறார்கள் என்பதை அறிய யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. கூடத்தின் நடுவே வாய் பிளந்து கிடக்கும் பெட்டியும், அதன் கைப்பிடியில் கொக்கியை மாட்டி இரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கும் கைத்தராசும், அனுமதித்த எடையை முள் தாண்டியவுடன் ஒரு மூலையிலிருந்து வெளியே வந்து சற்று நேரத்தில் இன்னொரு மூலை வழியாக உள்ளே போய்விடும் புளி உருண்டையும் அந்தச் செய்தியைத் தெரு முழுவதற்கும் சொல்லிவிடும். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அனுப்பிவைத்த ஊர் அது. விமானம் என்ற விஞ்ஞான சாதனத்தை, பட்டணத்துக் கனவான்களுக்குச் சற்றும் குறையாத பரிச்சயத்தோடு, அவ்வூரின் எழுத்தறியாத பாட்டிமார்களும் அறிவார்கள்.

அப்படிப்பட்ட பாட்டிமார்களுள் ஒருவர், எங்கள் பக்கத்து வீட்டு மாமி, சார்ஜாவிலுள்ள மகன் வீட்டுக்குப் புறப்பட்டபோது துணையாகச் சென்றவன் நான். எழுபதைத் தாண்டிய அவருக்கு வலது முழங்கால் சொந்தமானதன்று. இரண்டாண்டுகளுக்கு முன் தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு, கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோக மூட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். வழியில் எங்கேயாவது கேட்டால் காட்டவேண்டுமே என்று, அந்த முழங்காலின் எக்ஸ்ரே படத்தைச் சுருட்டி, டாக்டரின் கடிதத்தோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாஸ்போர்ட்டைவிடப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இரவு வேன் பெரம்பலூரைக் கடந்து, நெடுஞ்சாலையில் ஏறி, சமயபுரத்தின் விளக்குகளைப் பின்னே தள்ளித் திருச்சியை நெருங்கும் வரையில் அந்தப் பை அவர் மடியைவிட்டு இறங்கவில்லை.

விமான நிலையத்துக்குள் நடக்கிற அனைத்தையும் எங்கள் ஊரில் "செக்கிங்" என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவது வழக்கம். உண்மையில் அங்கே மூன்று வேறு அதிகாரங்கள் மூன்று வேறு கேள்விகளோடு காத்திருக்கின்றன. குடியேற்ற அதிகாரி நாம் யார் என்று கேட்கிறார். சுங்க அதிகாரி நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். பாதுகாப்புப் படையினரோ நாம் என்ன செய்யக்கூடும் என்று கேட்கிறார்கள். முதலிரண்டு கேள்விகளுக்கும் காகிதத்திலும் பெட்டியிலும் விடை உண்டு. மூன்றாவது கேள்வி இன்னும் நடவாத ஒரு காரியத்தைப் பற்றியது. நடவாததை அளப்பதற்கு மனிதன் கண்டுபிடித்த உபகரணங்களைப் பற்றியும், அந்த உபகரணங்கள் தவறும்போது தவற்றின் பாரம் யார் தோளில் இறங்குகிறது என்பதைப் பற்றியுமே இந்த அத்தியாயத்தில் பேச விரும்புகிறேன்.

இக்கேள்வி நம் நாட்டில் எழுந்ததற்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு காரணம் உண்டு. 1984 ஆகஸ்டு 2ஆம் தேதி இரவு, மீனம்பாக்கம் விமான நிலையத்தில், கொழும்பு செல்லும் விமானத்துக்கென்று ஒப்படைக்கப்பட்ட இரண்டு பெட்டிகள், அவற்றுக்குரிய பிரயாணி விமானம் ஏறாமையால் சுங்கப் பகுதியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. பெட்டியில் வெடிகுண்டு இருக்கிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. எச்சரிக்கைக்கும் நடவடிக்கைக்கும் நடுவே கழிந்த நேரத்தில் குண்டு வெடித்தது. ஏறத்தாழ முப்பது பேர் மாண்டார்கள், கூரை சரிந்தது. இலங்கையில் எரியவேண்டுமென்று ஈழத் தீவிரக் குழு ஒன்று மூட்டிய நெருப்பு சென்னையிலேயே பற்றிக்கொண்டது. மாண்டவர்களில் பெரும்பாலோர் இலங்கைப் பிரயாணிகளே.

அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23ஆம் தேதி, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக் கடலின்மேல் வெடித்து 329 பேர் உயிரிழந்தார்கள். அங்கேயும் அதே கதைதான்: வான்கூவரில் பெட்டியை ஒப்படைத்த ஆசாமி விமானம் ஏறவேயில்லை. டொரான்டோவில் பெட்டிகளைச் சோதித்த எக்ஸ்ரே யந்திரம் அன்று பழுதாகி நின்றது. அதற்குப் பதிலாகக் கையில் பிடித்துச் சோதித்த மோப்பக் கருவி ஒரு பெட்டியருகே மெல்ல ஒலித்தும் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இதன் பின்னரே, 1987 ஏப்ரலில், சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புக்கான அலுவலகம் தனித் துறையாயிற்று. 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து புறப்பட்ட ஐசி 814 கந்தகாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை நம் விமான நிலையங்களின் வாசலில் வந்து நின்றது. அக்காலத்தில் பிரயாணம் செய்த பெரியவர்களுக்கு நினைவிருக்கும்: விமானத்தின் ஏணியடியில் வரிசையாகக் கிடத்தியிருக்கும் பெட்டிகளில் நம்முடையதை நாமே விரல் நீட்டி அடையாளம் காட்டினால்தான் அது உள்ளே ஏறும். உடையவன் இல்லாத பெட்டி பறக்கக்கூடாது என்ற எளிய நியதிக்குக் கொடுத்த விலை மீனம்பாக்கமும் கனிஷ்காவும்.

இனி உபகரணங்களுக்கு வருவோம். ஓடும் பட்டையின்மீது நம் பெட்டி நுழைகிற அந்தச் சிறு குகைக்குள், ரோன்ட்கன் 1895 நவம்பரில் கண்டறிந்த அதே கதிர்கள்தாம் பாய்கின்றன. ஆனால் எலும்பைப் பார்க்கும் வைத்தியருக்கு நிழல் ஒன்று போதும், பெட்டியைப் பார்ப்பவருக்கோ அந்த நிழல் எதனுடையது என்றும் தெரியவேண்டும். இதற்காக வலுக் குறைந்த கதிர், வலு மிகுந்த கதிர் என்று இரண்டு விதமாகப் பெட்டியை அளக்கிறார்கள். இரும்பு போன்ற கனத்த அணுக்கள் வலுக் குறைந்த கதிரை மிகுதியாக விழுங்கிவிட்டு வலு மிகுந்ததைப் பெருமளவு விட்டுவிடும். கரி, நைட்ரஜன், ஆக்ஸிஜன் போன்ற இலேசான அணுக்களோ இரண்டுக்குமிடையே அவ்வளவு வித்தியாசம் பாராட்டுவதில்லை. இந்த வித்தியாசத்தைக் கணினி நிறமாக மாற்றித் திரையில் பூசுகிறது: உலோகத்துக்கு நீலம், உயிர்ப்பொருள்களின் இனத்துக்கு ஆரஞ்சு, இடைப்பட்டவற்றுக்குப் பச்சை.

வெடிமருந்துகளில் பெரும்பாலானவை கரியும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கலந்தவை. ஆதலால் அவை ஆரஞ்சு நிறத்தில் தெரியும். புளி உருண்டையும் அப்படியே. அல்வாவும், பேரீச்சம்பழப் பொட்டலமும், சோப்புக் கட்டியும் அப்படியே. அடர்த்தியிலும் இவை வெகு தூரத்தில் இல்லை. துணியும் காகிதமும் ஆரஞ்சுதான் என்றாலும் அவை வெளிறித் தெரியும். இறுகப் பிசைந்து மூலையில் திணித்த புளி உருண்டையோ, கனத்த ஆரஞ்சுக் கட்டியாகத் திரையில் உட்கார்ந்து, பார்ப்பவரின் வயிற்றைக் கலக்கும். பெட்டியைத் திறக்கச் சொல்லும் காவலரிடம் "புளிதானே சார்" என்று சிரிக்கும் நம்மவர், பௌதிகத்தின் கண்ணுக்குப் புளியும் அபாயமும் உறவினர் என்பதை அறியமாட்டார்.

ஆனால் அன்றிரவு மாமியை நிறுத்தியது பெட்டியன்று, கதவு. உலோகம் கண்டறியும் அந்தச் சட்டக் கதவு 1831இல் பாரடே கண்ட ஓர் உண்மையின்மேல் நிற்கிறது: மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலத்தினருகே ஒரு கடத்தி வந்தால் அதனுள் மின்சாரம் சுழலும். கதவின் ஒரு பக்கத்துக் கம்பிச்சுருள் நொடிக்குப் பலமுறை காந்தப் புலத்தை எழுப்பி அணைக்கிறது. நம் உடலில் உலோகம் இருந்தால் அதனுள் பிறக்கும் சுழல் மின்சாரம் தனக்கென ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்கி எதிரொலிக்கிறது. அந்த எதிரொலியை மறுபக்கத்துச் சுருள் கேட்டுச் சத்தமிடுகிறது. உலோகம் பிச்சுவாவா, மூட்டா, வளையலா என்று அது கேட்பதில்லை. இக்கருவியின் முன்னோடி ஒன்றைத் தொலைபேசி கண்ட கிரகாம் பெல் 1881இல், சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடம்பில் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று கண்டறியப் பயன்படுத்தியபோது, எங்கே வைத்தாலும் ஓசை குழம்பிற்று. குழப்பத்துக்குக் காரணங்களுள் ஒன்று ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் என்று பிறகு தெரிந்தது. உலோகங்காட்டும் கருவி பிறந்த காலத்திலேயே பொய்ச் சத்தமும் கூடப் பிறந்துவிட்டது!

மாமி கதவினுள் நடந்தார், கதவு கத்திற்று. அங்கே நின்ற இளம்பெண், வடநாட்டு முகம், பழகிய அரைகுறைத் தமிழ், "அம்மா, இந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்துத் திரை மறைவுக்கு அழைத்தாள். மாமியின் கண்கள் என்னைத் தேடவில்லை, பையைத் தேடின; ஆதாரம் முழுவதும் அதற்குள் இருந்தது, அதுவோ குகைக்குள் போய்க்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு குரல்களும் எனக்குக் கேட்டன.

"உள்ளே என்ன இருக்கும்மா?"

"முட்டிதாம்மா. ஆஸ்பத்திரியில வச்ச முட்டி."

வெள்ளைத் துப்பட்டியைச் சரிசெய்தபடி அவர் வெளியே வர மூன்று நிமிஷம் ஆயிற்று. மரியாதைக் குறைவு ஏதும் நடக்கவில்லை என்பதை மாமியின் முகமே சொல்லிற்று. ஆனாலும், ஊரில் அந்நியர் முன் துப்பட்டியின் நுனியைக்கூட நழுவவிடாத ஒரு கிழவி, முன்பின் அறியாத ஒரு பெண்ணின் கைக்குத் தன் உடம்பை ஒப்புவித்து நின்ற அந்த மூன்று நிமிஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கணக்கு என்றே சொன்னேன், கணக்கிலேயே பார்த்துவிடலாம். இது ஓர் உதாரணம் மட்டுமே, எந்த விமான நிலையத்தின் புள்ளிவிவரமும் அன்று. பத்து லட்சம் பிரயாணிகளில் ஒருவன் தீய எண்ணத்தோடு வருகிறான் என்று கொள்வோம். யந்திரம் அபாரமானது: அவனை 100க்கு 99 முறை பிடித்துவிடும், நிரபராதிகளில் 100க்கு ஒருவரைப் பார்த்தே தவறாகக் கத்தும். இத்தகைய யந்திரத்தை எந்த வியாபாரியும் மார்தட்டிக்கொண்டு விற்பான். ஆனால் பத்து லட்சம் பேரும் கடந்து முடிந்தபின் எண்ணிப் பார்த்தால், கதவு கத்தியதால் நிறுத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 10,001 பேர். அவர்களில் குற்றவாளி ஒருவன், மற்றப் பதினாயிரம் பேரும் மாமிகள். யந்திரத்தைப் பத்து மடங்கு நுட்பமாக்கினாலும் ஆயிரம் மாமிகளுக்கு ஒரு குற்றவாளி என்ற விகிதத்துக்கே வந்து சேருவோம். இங்கிலாந்தில் பேய்ஸ் என்ற பாதிரியார் எழுதிவைத்து, அவர் காலமானபின் 1763இல் வெளியான நிகழ்தகவுக் கணிதத்தின் சாரம் இதுதான்: தேடப்படும் பொருள் எவ்வளவுக்கெவ்வளவு அபூர்வமோ, அவ்வளவுக்கவ்வளவு கருவியின் எச்சரிக்கை பொய்யாக இருப்பதே இயல்பு. ஆகவே நிறுத்தப்பட்டவரைப் பார்த்து, "இவரிடம் ஏதோ இருக்கிறது, இல்லாவிட்டால் நிறுத்துவானேன்?" என்று வரிசையில் நிற்கும் நாம் எண்ணுவது கணிதத்தின்படி பதினாயிரத்துக்கு ஒரு முறைதான் சரி.

இந்தப் பதினாயிரத்தைச் சலித்தெடுக்க அடுத்த சல்லடை வருகிறது. உள்ளங்கையிலும் பையின் கைப்பிடியிலும் ஒரு சிறு துணித்துண்டைத் தேய்த்து யந்திரத்தில் செருகுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். துணியில் ஒட்டிய துகள் சூடேறி ஆவியாகி, மின்னூட்டம் பெற்று, ஒரு குழாயினுள் காற்றை எதிர்த்து ஓடவிடப்படுகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தன் அளவுக்கும் வடிவத்துக்கும் ஏற்ப முந்தியோ பிந்தியோ மறுமுனையை அடைகிறது. சில மில்லி செகண்டு ஓட்டத்தில் யார் எப்போது வந்தார்கள் என்பதைக்கொண்டு பெயர் சொல்லிவிடுகிறது கருவி. ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கையும் உணரும் அதன் மூக்கைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அந்தக் கூர்மையிலேயே அதன் சங்கடமும் இருக்கிறது. நெஞ்சு வலிக்கு நாவின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை வெடிமருந்தின் அதே மூலக்கூறுதான். பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்குவாரியிலோ, அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ முந்தின நாள் வரையில் வெடி வைத்துவிட்டு விசா வந்ததும் புறப்பட்ட தொழிலாளியின் கையைத் தேய்த்தால் என்ன ஆகும்? யந்திரம் உண்மையே பேசும். அந்தக் கையில் வெடிமருந்து இருக்கத்தான் செய்கிறது. சோளக்காட்டுக்கு நைட்ரேட் உரம் தூவிய கையும் அதைச் சஞ்சலப்படுத்தலாம். கருவி கூறிய உண்மையிலிருந்து மனிதன் எடுக்கும் முடிவு பொய்யாகிற விந்தையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதக் கண்ணின் நிலை இன்னும் பரிதாபகரமானது. ஹார்வர்டைச் சேர்ந்த உளவியலறிஞர் ஜெரமி உல்ப் தம் சகாக்களோடு 2005இல் நேச்சர் இதழில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். படங்களில் ஒளிந்திருக்கும் ஒரு பொருளைத் தேடச் சொன்னபோது, பாதிப் படங்களில் அது இருந்த வரையில் 100க்கு 7 முறையே தவறவிட்டவர்கள், 100 படங்களில் ஒன்றில் மட்டும் அது இருந்தபோது 100க்கு 30 முறை தவறவிட்டார்கள். அபூர்வமானதை மனம் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பாராததைக் கண் பார்ப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் குண்டு ஒன்றையும் காணாத காவலரின் கண்ணை விழிப்பாக வைப்பதற்காக, உண்மைப் பெட்டிகளின் படங்களுக்கு நடுவே பொய்யான துப்பாக்கிகளையும் குண்டுகளையும் கணினி அவ்வப்போது செருகிப் பார்க்கிறது. உறக்கத்தை விரட்டப் பொய் அபாயத்தைச் சிருஷ்டிக்கிறார்கள். அந்தக் காவலர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

உடலையே நோக்கும் மில்லிமீட்டர் அலைக் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அவ்வலைகள் துணியை ஊடுருவும், தோலில் பட்டுத் திரும்பும். அவற்றுக்கு முன்னோடியான ஒருவகை எக்ஸ்-கதிர்க் கருவிகள் பிரயாணியின் நிர்வாண உருவத்தையே காட்டியதால் 2013இல் அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. இன்றையவை பொதுவான ஒரு பொம்மை உருவத்தில் சந்தேக இடத்தை மட்டும் சுட்டுகின்றன. வியர்வையின் ஈரமும், துணியின் கனத்த மடிப்பும், தலைப்பாகையும் அவற்றைக் குழப்பும். எங்கள் ஊர்த் துப்பட்டிக்கு எத்தனை மடிப்பு என்று நான் எண்ணியதில்லை.

இதுவரை கூறிய உபகரணங்கள் அனைத்துக்கும் ஒரு பெருமை உண்டு: எதிரே வருபவர் மந்திரியா, மேஸ்திரியா, எந்தத் தெய்வத்தைத் தொழுபவர் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. பெயரைப் பார்த்துத் தடுக்கும் உபகரணம் வேறு. அதற்குக் காந்தமும் கதிரும் வேண்டாம், ஒரு பட்டியல் போதும். பெயர்களை ஒலிக்கேற்ப வகைப்படுத்த ரஸ்ஸல் என்பவர் 1918இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்த பழைய முறை ஒன்றைப் பாருங்கள். முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளையும் ஹகரம் போன்ற சிலவற்றையும் தள்ளிவிட்டு, மற்ற மெய்களுக்கு எண் கொடுக்கவேண்டும். மகரத்துக்கும் னகரத்துக்கும் 5, தகரத்துக்கும் டகரத்துக்கும் 3. ஆங்கில எழுத்தில் எழுதிய அகமது இம்முறையில் ஏ530 ஆகும். அமுதாவும் ஏ530. அனிதாவும் ஏ530! இன்று இதைவிட நுட்பமான முறைகள் வந்துவிட்டன என்றாலும், அரபு மொழியில் பிறந்து, தமிழ் நாவில் வளர்ந்து, தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் ஆங்கிலத்தில் குடிபுகுந்த ஒரு பெயர், மொஹமது என்றும் முஹம்மத் என்றும் மொஹம்மெத் என்றும் ஒரே குடும்பத்துப் பாஸ்போர்ட்டுகளிலேயே வெவ்வேறு கோலம் கொள்ளும்போது, ஒலியைக்கொண்டு ஆளைப் பிடிக்கும் எந்த முறையும் எத்தனை ஆயிரம் பேரை ஒரே வலையில் அள்ளும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அப்பன் பெயரை முதலெழுத்தாக்கி ஒற்றைப் பெயரோடு வாழும் தமிழ் வழக்கமும் தப்பவில்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் கொண்டவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது எங்கள் பக்கத்து டிராவல்ஸ் கடைகளில் பட்ட பாடு பெரும்பாடு.

அப்துல் கலாம் அவர்களைப் பற்றி இங்கே நினைக்காமல் இருக்கமுடியாது. முன்னாள் ஜனாதிபதிகள் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் என்று விதி இருந்தும், 2009 ஏப்ரலில் டில்லியில் ஓர் அமெரிக்க விமானக் கம்பெனியின் ஊழியர்கள் அவரைச் சோதித்தார்கள். செய்தி மூன்று மாதங்கள் கழித்தே வெளிவந்தது, கம்பெனி மன்னிப்புக் கோரியது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், விமானத்தில் அமர்ந்துவிட்ட அவருடைய கோட்டையும் காலணிகளையும் வாங்கிச் சென்று சோதித்தார்கள். அதற்கும் பிறகு வருத்தம் தெரிவிக்கப்பட்டது. இரண்டு முறையும் அவர் முறையிடவில்லை. விதிவிலக்குப் பெற்ற பெரிய மனிதரைச் சோதித்தார்களே என்று பாராளுமன்றம் கொதித்தது. எனக்கோ அந்தக் கொதிப்பு சற்றே இடம் மாறியதாகப் பட்டது. கலாமுக்கு வந்த மன்னிப்புக் கடிதம், அவர் பெயரையே கொண்டு, அவரைப்போல் புகழில்லாமல், அதே வரிசையில் நிற்கும் கொத்தனாருக்கும் டிரைவருக்கும் என்றைக்காவது வந்ததுண்டா?

பட்டியலின் பிழை எவ்வளவு அற்பமாக இருக்கக்கூடும் என்பதற்கு மலேசியாவைச் சேர்ந்த ரஹினா இப்ராஹிம் என்ற கல்வியாளரின் வழக்கு சாட்சி. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த அவரை 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் கைவிலங்கிட்டார்கள். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வழக்காடிய பிறகு, 2014இல், நீதிபதி கண்டறிந்த உண்மை இவ்வளவே: உளவு அதிகாரி ஒருவர் படிவமொன்றை நிரப்பியபோது தவறான கட்டத்தில் குறி போட்டுவிட்டார்.

இங்கே கணிதம் மறுபடியும் குறுக்கிடுகிறது. "சந்தேகத்துக்குரிய வகையினரை அதிகமாகச் சோதித்தால்தானே குற்றவாளி விரைவில் அகப்படுவான், பாட்டிகளையெல்லாம் சோதிப்பது வீண்தானே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். வில்லியம் பிரெஸ் என்ற அமெரிக்க அறிஞர் 2009இல் இக்கேள்விக்கு ஒரு விடை எழுதினார். சந்தேகத்தின் அளவுக்கு நேர் விகிதமாக ஆட்களைத் தேர்ந்து சோதித்தால், கண்ணை மூடிக்கொண்டு எவரையும் சமமாகச் சோதிப்பதைவிட அது ஒரு சிறிதும் மேலானதன்று. ஏனெனில் காவலருக்கு நினைவில்லை. சோதித்து விடுவித்த அதே நிரபராதியே, அதே பெயரால், அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் நிறுத்தப்படுகிறான். காவலரின் நேரம் அவனிடமே கரைந்து போகிறது. ஒருவன் மற்றவனைவிட 100 மடங்கு சந்தேகத்துக்குரியவன் என்று வைத்துக்கொண்டாலும், அவனை 10 மடங்கே அதிகமாகச் சோதிப்பதுதான் உத்தமமான அளவு என்று பிரெஸ் காட்டினார். அதுவும் அந்தச் சந்தேகத்தின் அளவு சரியாக இருந்தால். இரண்டாண்டுக்கொரு முறை விடுமுறைக்கு வந்துபோகும் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர், ஏதோ ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் தன்னை ஒவ்வொரு முறையும் தனியறைக்கு அழைப்பதைச் சொல்லி, "போன தடவை விட்டாங்களே, அதை எங்கயாவது எழுதி வச்சிருக்க மாட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார். பிரெஸின் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது.

பெயரை விட்டுப் பொருளைப் பார்க்கும் முறை நம்மவர்களுக்குத் தெரியாததன்று. சபரிமலைப் பக்தர்கள் இருமுடியில் கொண்டுசெல்லும் தேங்காயை விமானத்துக்குள் கைப்பையில் எடுத்துச்செல்ல விடாதிருந்த பாதுகாப்புத் துறை, 2024 அக்டோபரில் அந்த யாத்திரைக் காலத்துக்கு அதை அனுமதித்தது: எக்ஸ்ரேயில் பார்த்து, துணியால் துடைத்து மோந்து, கையால் தொட்டுச் சோதித்தபின் கொண்டுபோகலாம் என்றது. பக்தியையும் அவமதிக்காமல் விமானத்தையும் பணயம் வைக்காமல் செய்த காரியம்.

பாதுகாப்பையும் சுதந்திரத்தையும் தராசின் இரு தட்டுகளாக வர்ணிப்பது பத்திரிகை வழக்கம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்பார்கள். லப்பைக்குடிக்காட்டு வீடுகளிலுள்ள தராசுக்கோ தட்டே கிடையாது, ஒரே ஒரு கொக்கிதான். யார் பெட்டி எவ்வளவு கனம் என்பதை மட்டும் சொல்லும். எனக்கு இந்த விஷயத்தில் அந்தத் தராசே பொருத்தமாகத் தோன்றுகிறது. எல்லோரும் சேர்ந்து அனுபவிக்கும் பத்திரத்துக்காக யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் தூக்கிப் பார்க்கவேண்டும். எல்லோரும் கடக்கும் கதவு ஆளுக்குக் கால் கிலோ. பெயருக்காக அழைக்கும் தனியறை ஒருவர் தோளில் மட்டும் ஏறும் முப்பது கிலோ.

நம் சட்டம் இக்கனத்தை ஓரிடத்தில் மிக நுட்பமாக அளந்திருக்கிறது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி, சோதனைக்கு உள்ளாகும் ஒருவர் தம்மைக் கெஜட் பதிவு பெற்ற சுங்க அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ அழைத்துச் செல்லக் கோரலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்கவேண்டும். உடலுக்குள் தங்கம் ஒளித்திருப்பதாகச் சந்தேகப்பட்டு எக்ஸ்ரே எடுக்கவேண்டுமானால், அவரே ஒப்புக்கொண்டு சம்மதித்தாலன்றி, 103ஆம் பிரிவு மாஜிஸ்திரேட்டின் உத்தரவைக் கேட்கிறது. தகுதிபெற்ற கதிரியக்க மருத்துவரே படமெடுக்கவேண்டும் என்கிறது. 2019இல் செய்த திருத்தம், மேலதிகாரியின் முன்அனுமதியோடு கருவியால் உடலை வருடிப் பார்க்க இடங்கொடுத்தது. வயிற்றில் தங்கத்தை விழுங்கியவனுக்கும் ஒரு நீதிபதியை நிறுத்திவைத்த சட்டம் அது. பாதுகாப்புச் சோதனையில் அப்படி எவரும் இல்லை; வரிசையில் நின்றதே சம்மதம் என்று கொள்ளப்படுகிறது. பிடிக்காதவர் பறக்காமல் இருக்கலாமே என்பார்கள். வெளிநாட்டுப் பிரயாணமும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தின் அங்கமே என்றும், அதைத் தடுக்கும் நடைமுறை நியாயமாக இருக்கவேண்டும் என்றும் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கூடிச் சொன்னபோது, அதில் கைவைக்கும் அரசு சட்டத்தையும், தக்க நோக்கத்தையும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவையும் காட்டவேண்டும் என்ற அளவுகோலையும் கொடுத்தார்கள். அக்கோலால் அளந்தால், கதவும் குகையும் தேறிவிடும் என்றே நினைக்கிறேன். எவ்வாறு பெயர் ஏறியது, எவ்வாறு இறங்கும் என்பதை ஏறியவருக்கே சொல்லாத பட்டியல் தேறாது. முகத்தையே அனுமதிச் சீட்டாக்கும் டிஜி யாத்திரை போன்ற புதிய ஏற்பாடுகளைப் பற்றி இப்போது அவசரப்பட்டு ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. கதவுக்கு நினைவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டவன், எல்லாவற்றையும் நினைவில் வைக்கும் கதவு வரும்போது என்ன சொல்வான் என்பது வேறோர் அத்தியாயத்துக்கு உரியது.

மாமியின் கைப்பை குகைக்குள் இருந்ததைச் சொன்னேனல்லவா? அவர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்த அதே சமயத்தில் அது பட்டையின் மறுமுனையில் வந்து நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் அதைத் திறக்கச் சொல்லவில்லை. வழியெல்லாம் மடியில் சுமந்து வந்த அந்த எக்ஸ்ரே படம், சாட்சி சொல்வதற்கென்றே வந்த படம், எக்ஸ் கதிரின் கண்ணுக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளன்றி வேறில்லை. மாத்திரை டப்பாவுக்கும் தஸ்பீஹ் மணிக்கும் நடுவே, சுருண்ட வெளிர் ஆரஞ்சுப் பட்டையாக அது தெரிந்திருக்கும். முழங்கால் அதில் தெரிந்திராது. மாமி பையை எடுத்து, உறை உள்ளே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கேக்கவே இல்லையேப்பா" என்றார்.